நியூ ஃபாரஸ்ட் காட்டில் ஜியோகேச்சிங்: தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2000 மே மாதத் தொடக்கத்தில், ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. அடுத்த சில நாட்களிலேயே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலக் காட்டில் ஒரு வாளியை மறைத்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். மறைத்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் உதவியோடு தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டு அப்படிப் பிறந்தது. இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன.

இந்த வழிகாட்டி, தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்டில் இந்த விளையாட்டைத் தொடங்க விரும்புவோருக்கானது. 1079 வாக்கில் முதலாம் வில்லியம் மன்னர் வேட்டைக்கென ஒதுக்கிய காடு இது. 2005இல் தேசியப் பூங்காவானது. அரசு நிலத்தின் பெரும்பகுதியை ‘ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்து’ பராமரிக்கிறது. அதன் வனக்காவலர்களைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே நல்ல ஜியோகேச்சராக முடியாது என்பது என் உறுதியான கருத்து.

படி 1: மறைக்கும் முன் தேடிப் பழகுங்கள்

ஃபோனில் ஜியோகேச்சிங் செயலி போதும். ஒவ்வொரு டப்பாவுக்கும் கண்டுபிடிக்கும் கடினம், நடக்கும் நிலத்தின் கடினம் என 1 முதல் 5 வரை இரண்டு மதிப்பெண்கள் இருக்கும். இரண்டும் 2க்குள் இருப்பவற்றை முதலில் எடுங்கள். முந்தைய தேடலாளர்களின் பதிவுகளையும் படியுங்கள். ‘காணோம்’ என்று தொடர்ந்து பலர் எழுதியிருந்தால் அந்த டப்பாவைத் தேடிப் புதர்களை மிதிக்க வேண்டாம்.

படி 2: அம்புக்குறியை நம்பிக் குறுக்கே போகாதீர்கள்

செயலியின் அம்பு நேர்கோட்டில்தான் காட்டும். காட்டில் நேர்கோடு என்பது சதுப்பும் புதரும் பறவைக் கூடுகளும்தான். ஏற்கெனவே உள்ள பாதையிலேயே நடந்து, டப்பாவுக்கு மிக அருகில் வந்த பிறகே பாதையை விட்டு இறங்குங்கள். அடர்ந்த மரங்களுக்கடியில் ஜிபிஎஸ் பல மீட்டர் தடுமாறும். அந்தக் கட்டத்தில் ஃபோனைப் பையில் வைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே கண்ணால் தேடுவதுதான் முறை.

மார்ச் தொடக்கம் முதல் ஜூலை முடிய இன்னும் கவனம் வேண்டும். ஆள்காட்டி, பக்கி இனங்களைச் சேர்ந்த பறவைகளும் கர்லூவும் இங்கே தரையிலேயே முட்டையிடுகின்றன. ஆளைக் கண்டு தாய்ப்பறவை எழுந்து பறந்தால் முட்டை குளிர்ந்துபோகும், அல்லது காகம் கொத்திச் செல்லும். மிதித்தால்தான் சேதம் என்றில்லை, பக்கத்தில் நின்றாலே போதும். அந்த மாதங்களில் பாதையோரத்து டப்பாக்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்லுங்கள்.

காட்டில் திரியும் குதிரைகள், மேய்ச்சல் உரிமை பெற்ற உள்ளூர்க்காரர்களுக்குச் சொந்தமானவை. அவற்றுக்குத் தீனி போடுவதும் திறந்தவெளியில் தீ மூட்டுவதும் 2023 ஜூலையில் ஆணை பிறப்பித்துத் தடைசெய்யப்பட்டன. இரவிலும் விடியலிலும் அந்தியிலும் தேடுவதையும் தவிர்க்கச் சொல்வேன். மான்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க வனக்காவலர்கள் துப்பாக்கியோடு இறங்குவது பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும்தான்.

படி 3: கிடைத்ததும்

டப்பாவுக்குள் இருக்கும் குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுதுங்கள். உள்ளே இருக்கும் ஒரு பொருளை எடுத்தால், அதற்கு ஈடான மதிப்புள்ள இன்னொன்றை வையுங்கள். உணவுப் பொருள் கூடாது, வாசனை பிடித்து விலங்குகள் டப்பாவைக் கடித்துக் குதறிவிடும். இருந்த இடத்தில் இருந்தபடியே மறைத்து, வழியில் கண்ட குப்பையைப் பொறுக்கிக்கொண்டு திரும்புங்கள். வீட்டுக்குப் போனதும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று கால்களைப் பார்ப்பது அவசியம். லைம் நோய் அதன் வழியாகத்தான் பரவுகிறது.

படி 4: மறைப்பதற்கு முன் வனக்காவலரிடம் பேசுங்கள்

நில உரிமையாளரின் அனுமதி இந்த விளையாட்டின் அடிப்படை விதி. ஒவ்வொரு புதிய டப்பாவையும் வெளியிடும் முன் தன்னார்வச் சரிபார்ப்பாளர் ஒருவர் பரிசீலிப்பார். ஆனால் அவர் பார்ப்பது வரைபடத்தை. எந்த மரத்தில் இந்த ஆண்டு பருந்து கூடு கட்டியிருக்கிறது, எந்தப் பக்கம் மரம் வெட்டப்போகிறார்கள் என்பதெல்லாம் காவலருக்குத்தான் தெரியும்.

காவலரிடம் அனுமதி கேட்டு எழுதும் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். துல்லியமான இடம், எந்தப் பாதை வழியாக ஆட்கள் வருவார்கள், டப்பாவின் அளவும் படமும், உங்கள் தொடர்பு எண், சொன்னால் உடனே அகற்றுவதாக ஓர் உறுதிமொழி ஆகியவை போதும். கூடவே இரண்டு மாற்று இடங்களையும் எழுதுங்கள். ‘இது வேண்டாம், அது சரி’ என்று சொல்லக் காவலருக்கு வாய்ப்புக் கிடைக்கும்.

படி 5: இடத்தைத் தேர்வது

ஒரு டப்பா வைத்தால் ஒரு புதிய ஒற்றையடிப் பாதை உருவாகும், இதை மறக்கவே கூடாது. வருகிற ஒவ்வொருவரும் கடைசி இருபது அடியை மிதிப்பார்கள். ஆகவே நீங்கள் தேர்வது டப்பாவின் இடத்தை மட்டுமல்ல, அந்த இருபது அடியையும்தான். இறுகிய மண், பாதையோர வேலிக்கம்பம், அறிவிப்புப் பலகையின் அருகு ஆகியவை நல்ல இடங்கள். மட்கிய மரக்கட்டை கூடாது. ஸ்டாக் வண்டின் புழுக்கள் அதற்குள் பல ஆண்டுகள் வளர்கின்றன. உயிருள்ள மரத்தில் ஆணி அடிக்காதீர்கள்.

தோண்டாதீர்கள். எங்கும் பொருந்தும் இந்த விதிக்கு இங்கே தனிக் காரணமும் உண்டு. காட்டின் வடக்கே ஆஷ்லி வாக், இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுச் சோதனைக் களமாக இருந்தது. சுமார் பத்து டன் எடையுள்ள ‘கிராண்ட் ஸ்லாம்’ குண்டை 1945 மார்ச்சில் அங்கேதான் போட்டுப் பார்த்தார்கள். வெடிக்காத குண்டு ஏதாவது மண்ணுக்குள் இன்னும் கிடக்கலாம்.

அருகிலுள்ள டப்பாவுக்கும் உங்களுடையதற்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும். நீர்புகாத டப்பாவாக வாங்கி, வெளியே ‘ஜியோகேச்’ என்று தெளிவாக எழுதுங்கள். எதுவும் எழுதாத டப்பா வெடிகுண்டு பயத்தைக் கிளப்பிவிடும்.

படி 6: பராமரிப்பு

சில மாதங்களுக்கு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். சுற்றிலும் புல் தேய்ந்து மண் தெரிந்தால் டப்பாவுக்கான பதிவைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். அந்த ஊரை விட்டுப் போகிறீர்கள் என்றால் எடுத்துவிட்டுப் போங்கள். கைவிட்ட டப்பா காட்டில் கிடக்கும் பிளாஸ்டிக் குப்பைதான்.

அனுமதி கிடைக்காவிட்டால்

‘எர்த்கேச்’ என்றொரு வகை உண்டு. அதில் டப்பாவே கிடையாது, ஓர் இடத்தின் மண்ணையும் பாறையையும் கவனித்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதினால் போதும். அல்லது, காட்டின் தகவல் பலகைகளில் உள்ள எண்களைக் கொண்டு கணக்குப் போட வைத்து, டப்பாவை வெளியே ஏதாவது ஒரு கிராமத்தில், அந்த இடத்துக்குரியவரின் சம்மதத்தோடு வையுங்கள். காவலர் மறுத்த இடத்தில் மட்டும் ரகசியமாக வைக்காதீர்கள். அப்படி ஒருவர் வைத்துப் பிடிபட்டாலும், அடுத்து அனுமதி கேட்டு வருகிற எல்லோருக்கும் கதவு அடைபடும்.