விளிம்புத் தோட்டாவும் தானே நிரம்பும் கைத்துப்பாக்கியும்

2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக்கின் 25 மீட்டர் விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியில், இந்தியத் தரைப்படையைச் சேர்ந்த விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் பெற்றார். இறுதிச் சுற்றின் 40 குண்டுகளில் 30 குண்டுகள் இலக்கின் நடுவட்டத்தைத் தைத்தன. ஒவ்வொரு தொடருக்கும் அளிக்கப்பட்ட நேரம் 4 விநாடி. அதற்குள், அருகருகே நிற்கும் 5 இலக்குகளையும் ஒவ்வொன்றாகச் சுடுதல் வேண்டும். வீரரின் தேர்ச்சி எத்துணைச் சிறந்ததாயினும், துப்பாக்கி அந்த 4 விநாடியும் தடங்கலின்றி இயங்காவிடில் அது பயன்படாது. அவ்வியக்கத்தின் தத்துவத்தை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வகைத் துப்பாக்கியின் அமைப்பு முழுவதையும் நிர்ணயிப்பது அதன் தோட்டாவேயாகும். பெரிய தோட்டாக்களில் தீமூட்டும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் ஒரு சிறு கிண்ணத்தில் இருக்கும். விளிம்புத் தோட்டாவிலோ, அம்மருந்து பித்தளைக் கூட்டின் அடி விளிம்பினுள் வளையமாகப் பரவியிருக்கும். துப்பாக்கியின் ஊசி அவ்விளிம்பை நசுக்கியதும் மருந்து தீப்பற்றுகிறது. 1845இல் பாரிஸ் நகரில் ஃப்ளோபேர் என்பார் அமைத்த தோட்டாவும், 1857இல் அமெரிக்காவில் ஸ்மித், வெஸ்ஸன் ஆகிய இருவர் வெளியிட்ட தோட்டாவும் இவ்வினத்தின் முன்னோடிகள். இன்று வழங்கும் 0.22 அங்குல நீளத் தோட்டா 1887இல் தோன்றியது. அதன் ஈயக் குண்டு ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ளது.

விளிம்பு நசுங்க வேண்டுமாயின், பித்தளை மெல்லியதாக இருத்தல் வேண்டும். மெல்லிய பித்தளையோ மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. எனவே இத்தோட்டாவின் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. இக்குறையே துப்பாக்கியின் அமைப்பை எளிதாக்கிற்று என்பது கவனிக்கத்தக்கது.

வலிய தோட்டாக்களைச் சுடும் கைத்துப்பாக்கிகள் பலவற்றில், குண்டு வெளியேறும் வரையில் குழலும் அதன் பின்வாயை அடைக்கும் தாழும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கும். விளிம்புத் தோட்டாவுக்கு அத்தகைய பூட்டு வேண்டுவதில்லை. தாழின் எடையும் ஒரு சுருள்வில்லுமே போதும். குண்டு முன்னோக்கிச் செல்ல, அதற்கு ஈடான உந்தத்துடன் தாழ் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. தாழ் 260 கிராம் எடையுள்ளதெனக் கொள்வோம். அது குண்டைப்போல் 100 மடங்கு. ஆகவே, வெடிமருந்தின் வாயு எடையையும் வில்லின் தடையையும் ஒதுக்கிக் கணக்கிட்டால், குண்டு குழலில் 150 மில்லிமீட்டர் தூரம் ஓடுவதற்குள் தாழ் சுமார் ஒன்றரை மில்லிமீட்டரே நகரும். குண்டு வெளியேறி அழுத்தம் தணிந்த பின்னரே பின்வாய் முற்றிலும் திறக்கும். தாழ் மிக இலேசாயின் கூடு முன்னதாகவே வெளிப்பட்டுக் கிழிந்துவிடும்.

பின்னோக்கிச் செல்லும் தாழ் வெற்றுக் கூட்டை இழுத்து வெளியே எறிகிறது. வில் அதனை மீண்டும் முன்னே தள்ளுகையில், தோட்டாப் பெட்டியின் மேல்முனையிலுள்ள புதிய தோட்டாவைக் குழலினுள் ஏற்றுகிறது. சுடுபவர் விசையை மறுமுறை இழுத்தாலன்றி அடுத்த குண்டு புறப்படாது. இதனாலேயே இதனைப் பாதித் தானியங்கி என்பர்.

இடையூறுகளும் அவ்விளிம்பினின்றே எழுகின்றன. பெட்டியில் மேலுள்ள தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இயக்கம் தடைப்படும். இதைத் தவிர்க்கவே தோட்டாக்கள் சாய்வாக அடுக்கப்படுகின்றன. மருந்து விளிம்பெங்கும் சீராகப் பரவாவிடில் தோட்டா வெடிக்காமல் போகலாம்.

2004 வரை விரைவுப் போட்டியில், இதனினும் வலிமை குன்றிய 0.22 அங்குலக் குட்டைத் தோட்டா இடம்பெற்றது. 2005 முதல் நீளத் தோட்டாவே விதியாயிற்று. விசையை இழுக்க வேண்டிய பளுவும் 1000 கிராமுக்குக் குறையலாகாது. விஜய் குமார் வென்றது இவ்விதிகளின்படியே.

சிறிய தோட்டாவாயிற்றே என அலட்சியம் செய்தலாகாது. அதன் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் செல்லவல்லது, உயிரையும் போக்கவல்லது. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இதற்கு உரிமம் வேண்டும். மேலும், தோட்டாப் பெட்டியைக் கழற்றிவிட்டதனால் மட்டும் துப்பாக்கி காலியாகிவிடாது. தாழ் முன்னரே ஏற்றிய ஒரு தோட்டா குழலினுள் தங்கியிருக்கலாம். தாழைப் பின்னிழுத்துக் கண்ணால் கண்ட பின்னரே அது காலியெனக் கொள்ளல் வேண்டும். இதன் இயக்கத்தை அறிந்தவர்க்கு இவ்வெச்சரிக்கையின் காரணம் தானே விளங்கும்.