சிறை வாசலில் நின்றுபோகும் மாத்திரை



சிறைச் சந்திப்புக்குப் பழமும் புதிய ஏற்பாடும் கொண்டுபோன நாங்கள், “மாத்திரை கிடைக்கிறதா?” என்று வெகுகாலம் கேட்டதில்லை.

கைதியிடமுள்ள மாத்திரையை வாசலிலேயே வாங்கி வைப்பது வழக்கம். சிறை மருத்துவர் எழுதித் தருமுன் சில நாட்கள் சென்றுவிடலாம். மனச்சிதைவுக்குக் கொடுக்கப்படும் க்ளோசபைன் 48 மணி நேரத்துக்குமேல் விட்டுப்போனால், பழைய அளவை அப்படியே கொடுக்கலாகாது. இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்; வலிப்பும் வரலாம். 12.5 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற்றவேண்டும். அதற்குள் நோய் திரும்பினால், அவர் கூச்சலிடுவது ஒழுங்கீனமாகத் தோன்றும்!

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மனநலச் சிகிச்சை நிலையம் வேண்டும் என்கிறது. முதல் இரவோ ஏதோவொரு கிளைச்சிறையில் கழியலாம்.

ஆகையால் குடும்பத்தாரிடம் மருந்துச் சீட்டின் நகலை வாங்கி, கடைசியாக மாத்திரை சாப்பிட்ட நாளையும் நேரத்தையும் அதில் எழுதி, சிறை மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள்.