மடிக்கணினியில் எதைப் போடலாம்?

மேல்மலையனூர், அவலூர்பேட்டை, வளத்தி பக்கத்திலிருந்து செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள், லீவு நாளில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். அவற்றில் அண்மைக் காலமாக நான் பார்ப்பது மனதுக்குக் கவலையாக இருக்கிறது. பி.காம். படிக்கும் பெண்ணின் கணினியில், அண்ணன் சொன்னார் என்பதற்காக ஆர்ச் லினக்ஸ் ஏறியிருக்கிறது. பி.சி.ஏ. முதலாண்டுப் பையனின் திரையில் காலி லினக்ஸின் டிராகன் நிற்கிறது. ஏன் இதைப் போட்டாய் என்றால், “ரீல்ஸ்ல பாத்தேன் சார்” என்கிறான். இன்னொருவன், “அப்பாதான் எத்திகல் ஹேக்கிங் படின்னு பணம் கட்டிட்டாரு” என்கிறான். அந்தப் பணம் மல்லாட்டை விற்ற பணம்.

விண்டோஸை விட்டு வெளியே வர வேண்டும் என்ற எண்ணத்தில் தப்பில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஓட டிபிஎம் 2.0 வசதியும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். நம் பிள்ளைகள் கையில் இருப்பதோ பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட். பென்டிரைவில் சுற்றிவரும் கிராக் விண்டோஸைப் போட்டு வைரஸ் வாங்குவதை விட, கட்டற்ற மென்பொருளுக்கு மாறுவது எவ்வளவோ மேல். ஆனால் மாறும்போது எதற்கு மாறுவது என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

முதன்முதலாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். பழைய கணினி என்றால் அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபி ரேமில் ஓடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. உபுண்டுவும் நல்ல தேர்வே. கேரள அரசுப் பள்ளிகளுக்குக் கைட் நிறுவனம் தருவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம்தான். கொஞ்சம் பழகியவர்களுக்கு டெபியன். 1993-இல் தொடங்கி இன்றுவரை எந்தக் கம்பெனிக்கும் சொந்தமாகாமல் தன்னார்வலர்கள் கையில் இருப்பது அது. நான் டெபியனில் கற்றவன், அதன் மேல் எனக்கொரு தனிப் பாசம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. நம் தமிழக அரசு 2011-இல் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான், சி-டாக் உருவாக்கியது. பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதில் எனக்குத் தீராத வருத்தம்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: டேலி இல்லாமல் உங்களுக்கு வேலை நடக்காது. அதற்காக விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே மின்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி காலி லினக்ஸ். 2013-இல், பேக்டிராக் என்பதன் வாரிசாக வந்தது. நிறுவனங்கள் தங்கள் கணினி வலையமைப்பில் ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்கக் கூலிக்கு அமர்த்தும் வல்லுநர்களுக்காகச் செய்தது. லினக்ஸ் பழக்கமில்லாதவர்களுக்கோ, அன்றாட வேலைக்கு ஒரு கணினி தேடுகிறவர்களுக்கோ இது ஏற்றதல்ல என்று அதை உருவாக்கியவர்களே தங்கள் ஆவணத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். அது மெக்கானிக்கின் கருவிப்பெட்டி. ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி அல்ல.

போட்டபின் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காலி, டெபியனின் சோதனைப் பதிப்பைப் பின்பற்றி ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பது. அப்டேட் கொடுத்தால் ஜிபி கணக்கில் இறங்கும். கிராமத்தில் செல்போன் ஹாட்ஸ்பாட்டில், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற டேட்டாவை வைத்துக்கொண்டு அதைச் செய்கிறான் பையன். பாதியில் நின்றுபோனால், சில நேரம் திரையே வராது. வைஃபை தாக்குதல் கற்கப் போகிறேன் என்பான். அதற்கு மானிட்டர் மோட் தாங்கும் அடாப்டர் வேண்டும், மடிக்கணினியில் உள்ளது பல நேரம் ஒத்துழைக்காது. நிறுவும்போது முழு டிஸ்க்கையும் அழிக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கடைசியாண்டு புராஜெக்டை இழந்து வந்து நின்ற பையனுக்கு என்னால் எந்த ஆறுதலும் சொல்ல முடியவில்லை.

இத்தனைக்கும் அவனுக்கு வேண்டிய என்மேப், வயர்ஷார்க் போன்றவை மின்ட்டிலும் டெபியனிலும் ஒரே கட்டளையில் இறங்கும். காலியில்தான் ஹேக்கிங் செய்ய முடியும் என்பது ரீல்ஸ் கட்டிய கதை. ஐபி முகவரி என்றால் என்ன, டிஎன்எஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவன் கையில் அந்த நூற்றுக்கணக்கான கருவிகளும் சும்மா கிடக்கும். சும்மா கிடந்தால்கூடப் பரவாயில்லை. பக்கத்து வீட்டு வைஃபையில், கல்லூரி இணையதளத்தில் முயன்று பார்க்கத் தோன்றும். தவறான நோக்கத்தோடு அடுத்தவர் கணினிக்குள் அனுமதியின்றி நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். சில வாரங்களில் சான்றிதழ் தரும் பயிற்சி மையத்தில் இதை யாரும் சொல்வதில்லை. பாதுகாப்புத் துறையில் வேலை இருக்கிறது, உண்மைதான். ஆனால் வலையமைப்பு, லினக்ஸ் நிர்வாகம், நிரலாக்கம் தெரிந்தவர்களே அங்கே நிலைக்கிறார்கள்.

செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லிபர்ஆபிஸ், விஎல்சி, ஃபயர்பாக்ஸ் போதும். தமிழ் 99 விசைப்பலகையும் லினக்ஸிலேயே கிடைக்கிறது. ‘அரட்டை’ செயலிக்குத் தமிழ்ப் பெயர் இருப்பதால் அது கட்டற்ற மென்பொருள் என்று நினைக்கிறார்கள். சோஹோவின் அந்தச் செயலியின் மூலநிரல் பொதுவில் இல்லை. சிக்னலுக்கு இருக்கிறது. சமூக வலைத்தளம் வேண்டுமென்றால் மாஸ்டடான் இருக்கிறது, 2016-இல் வந்தது. ஒரே கம்பெனியின் கையில் இல்லாமல் பல சர்வர்களில் பரவி நிற்பது. அங்கே லைக் குறைவாகத்தான் விழும். ஆனால் டெபியன், லிபர்ஆபிஸ் திட்டங்களும் அவற்றில் உழைக்கும் பலரும் அங்கே எழுதுகிறார்கள்; கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிறவர்களும் உண்டு. கற்க வருகிறவனுக்கு அது போதாதா?

எல்லோரும் புரோகிராமர் ஆக வேண்டியதில்லை. எழுத்தில் ருசி உள்ள பிள்ளை லிபர்ஆபிஸின் தமிழாக்கத்தில் சேரலாம். படம் வரைகிறவள் இங்க்ஸ்கேப்பில் உட்காரட்டும். டெர்மினலில் பிழைச்செய்தி வந்ததும் மூடிவிடாமல், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நின்று படிக்கிறவன்தான் கணினித் துறைக்கு ஏற்றவன் என்பது என் அனுபவம். அந்த நிதானம் எந்தப் பயிற்சி மையத்திலும் விலைக்குக் கிடைக்காது. மாதக்கணக்கில் ஒரே இயங்குதளத்தில் இருந்து, அதன் குறைகளோடு மல்லுக்கட்டித்தான் வரும். ஆங்கிலம் தடையாக இருந்தால் 2012-இல் தொடங்கிய ‘கணியம்’ இதழில் லினக்ஸ் பற்றித் தமிழிலேயே படிக்கலாம். நம் மாவட்டத்திலேயே விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறது.

பெற்றோர்களே, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டும் முன் விழுப்புரம் குழுவிடம் ஒருமுறை பிள்ளையை அனுப்பிப் பாருங்கள். பிள்ளைகளே, இந்த செமஸ்டர் முழுக்க மின்ட்டில் வேலை செய்யுங்கள். அதற்குப் பிறகும் காலி வேண்டும் என்று தோன்றினால், விர்ச்சுவல் பாக்ஸுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். எப்படி என்று நானே உட்கார்ந்து சொல்லித்தருகிறேன்.