உள்ளாட்சி மன்றங்களும் முடிவுகளின் மீளாய்வும்

பல்வந்தராய் மேத்தா குழு 1957ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1959 அக்டோபர் 2 அன்று இராஜஸ்தானத்தின் நாகவுரில் ஊராட்சி அரசு முறை தொடங்கி வைக்கப்பட்டது. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அம்முறைக்கு நிலையான சட்ட அடிப்படையை வழங்கியது. பதினோராம் அட்டவணையில் 29 பொருள்கள் இடம்பெற்றன. இன்று நாட்டில் ஏறத்தாழ 2.5 இலட்சம் கிராம ஊராட்சிகள் உள்ளன. மூன்றடுக்குகளிலும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் எண்ணிக்கை 30 இலட்சத்தைத் தாண்டுகிறது.

இம்மன்றங்களுக்கு எவ்வளவு அதிகாரமும் நிதியும் தரப்பட வேண்டும் என்பது பற்றி நீண்ட காலமாக விவாதம் நடைபெற்று வருகிறது. ஆயின், கிடைத்த அதிகாரத்தைக் கொண்டு தாம் எடுக்கும் முடிவுகள் சரியானவைதாமா என்பதை அம்மன்றங்களே அறிந்துகொள்ளும் வழி யாது என்ற வினா அதே அளவு கவனத்தைப் பெறவில்லை. இக்கட்டுரை அவ்வினாவைப் பற்றியதாகும்.

தணிக்கையின் எல்லை

இதனைத் தெளிவாக்க ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஓர் ஊராட்சியிடம் குடிநீர்ப் பணிக்கென 10 இலட்சம் ரூபாய் உள்ளது. புதிய மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்டுவதா, அல்லது கசிந்துகொண்டிருக்கும் பழைய குழாய்களை மாற்றிக் கடைக்கோடித் தெருக்களுக்கு நீர் சென்றடையச் செய்வதா என்ற இரு யோசனைகள் முன்வைக்கப்படுகின்றன. மன்றம் தொட்டியைத் தேர்ந்தெடுக்கிறது. ஒப்பந்தப்புள்ளிகள் முறைப்படி கோரப்படுகின்றன. குறைந்த தொகை கேட்டவருக்குப் பணி வழங்கப்படுகிறது. தொட்டியும் தரமாகவே கட்டப்படுகிறது. ஆனால் அதற்கு நீரளிக்க வேண்டிய ஆழ்துளைக் கிணறு கோடைக்காலத்தில் போதிய நீர் தருவதில்லை. கடைக்கோடித் தெருவிலுள்ள பெண்கள் முன்போலவே குடத்துடன் நெடுந்தூரம் நடக்கின்றனர்.

தணிக்கையாளர் வரும்போது எதனைக் காண்பார்? செலவுச் சீட்டுகள் ஒழுங்காக உள்ளன, அளவுப் புத்தகத்தின் பதிவுகள் பணியுடன் ஒத்துள்ளன, தீர்மானம் நிறைவேற்றப்பட்டுள்ளது. ஆட்சேபணைக்கு இடமில்லை. பணம் களவு போகவில்லை. எனினும் அது மக்களுக்குப் பயன்படவில்லை. பிழை செலவில் நேர்ந்ததன்று, முடிவில் நேர்ந்தது. தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால், “ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது” என்ற சொற்கள் மட்டுமே காணப்படும். குழாய்களை மாற்றும் யோசனை ஏன் கைவிடப்பட்டது, கோடைக்கால நீர்வரத்து கணக்கிடப்பட்டதா என்பவற்றை அறிய இயலாது. ஆகவே அடுத்த மன்றமும் அதே பிழையைச் செய்யக்கூடும்.

கணக்குத் தணிக்கை தேவையற்றது என்பது இதன் பொருளன்று. அரசியலமைப்பின் 243-ஜே பிரிவு, ஊராட்சிகளின் கணக்குகளைப் பேணவும் தணிக்கை செய்யவும் மாநிலச் சட்டமன்றங்கள் வகை செய்ய இடமளிக்கிறது. பதினைந்தாவது நிதிக்குழு, உள்ளாட்சிகளின் கணக்குகள் இணையத்தில் கிடைப்பதை மானியம் பெறுவதற்கான நிபந்தனையாகவே ஆக்கியது. இவை பெரும் முன்னேற்றங்கள். ஆயினும் கணக்கு பணத்தின் பாதையைக் காட்டுமேயன்றி, முடிவின் பாதையைக் காட்டாது.

சமூகத் தணிக்கையின் பங்கு

இக்குறையை ஓரளவு நிறைவு செய்ய எழுந்ததே சமூகத் தணிக்கை. 1978ஆம் ஆண்டிலேயே அசோக் மேத்தா குழு, நலிந்த பிரிவினருக்கென ஒதுக்கப்பட்ட நிதி அவர்களுக்கே செலவிடப்பட்டதா என்பதைச் சமூகத் தணிக்கை மூலம் ஆராயுமாறு பரிந்துரைத்தது. 1994 டிசம்பரில் இராஜஸ்தானத்தின் பாலி மாவட்டத்தைச் சேர்ந்த கோட் கிரானாவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் நடத்திய மக்கள் விசாரணையில், பணிப் பதிவேடுகள் மக்கள் முன் உரக்கப் படிக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், தனது 17ஆவது பிரிவின் மூலம் கிராம சபையின் சமூகத் தணிக்கையைச் சட்டக் கடமையாக்கியது. ஆந்திரப் பிரதேசம் இதற்கெனத் தனி அமைப்பையே நிறுவியது.

இம்முயற்சிகள் வெளியிலிருந்து மன்றத்தை நோக்கி எழுப்பப்படும் வினாக்கள். மன்றமே தனக்குள் எழுப்பிக்கொள்ள வேண்டிய வினாக்களுக்கு இவை ஈடாகமாட்டா. மேலும், இவை பெரும்பாலும் பணி முடிந்த பின்னரே எழுகின்றன.

இரு மாநிலங்களின் படிப்பினை

கேரளம் இத்துறையில் ஒரு குறிப்பிடத்தக்க அடியை எடுத்து வைத்தது. 1994ஆம் ஆண்டின் கேரள ஊராட்சிச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும், தம் பகுதியைப் பற்றி ஊராட்சி எடுக்கும் ஒவ்வொரு முடிவின் காரணத்தையும் அறியும் உரிமையைக் கிராம சபைக்கு வழங்கின. கிராம சபையின் முடிவு செயல்படுத்தப்படாவிடில், அதற்கான விரிவான காரணத்தைக் கேட்டறியும் உரிமையும் தரப்பட்டது. முடிவு என்பது காரணத்தோடு கூடியதாக இருக்க வேண்டும் என்ற கருத்தைச் சட்டமே ஏற்றுக்கொண்டது என இதனைக் கொள்ளலாம். அங்கு ஒவ்வோர் உறுப்பினரும் ஏதேனும் ஒரு நிலைக்குழுவில் இடம்பெறுகிறார். ஆகவே மன்றத்தின் முன் வருமுன்னரே ஒரு பொருளைச் சிலர் கூர்ந்து பார்க்க வாய்ப்பு ஏற்படுகிறது.

மேற்கு வங்கம் வேறொரு வழியைக் காட்டியது. 1990களில் அம்மாநிலத்தின் ஊராட்சிச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், மாவட்டத்திலுள்ள ஊராட்சிகளின் கணக்குகளை ஆராய ஒரு மாவட்டக் குழுவை அமைத்து, அதன் தலைமையை மாவட்ட மன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவரிடம் ஒப்படைத்தது. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவிற்கு 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் தலைமை வகிக்கும் மரபுடன் இது ஒப்புநோக்கத்தக்கது. முடிவெடுத்தவர்களே அதனை ஆராய்ந்தால், ஆய்வு வெறும் சடங்காகிவிடும் என்ற உண்மையை இரு ஏற்பாடுகளும் உணர்ந்துள்ளன.

சட்டத்தில் இடம்பெற்றவை யாவும் நடைமுறையில் முழுமை பெற்றுவிட்டன எனக் கூற இயலாது. ஆயின் இவ்விரு ஏற்பாடுகளையும் இணைத்துப் பார்க்கையில் ஒரு பயனுள்ள முறை புலப்படுகிறது. முடிவிற்குக் காரணம் எழுதப்பட வேண்டும். அக்காரணத்தை முடிவெடுத்தவர் அல்லாத ஒருவர் பின்னர் ஆராய வேண்டும்.

காரணக் குறிப்பு

இம்முறைக்குப் புதிய சட்டம் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, தனது நான்காம் பிரிவில், நிர்வாக முடிவுகளால் பாதிக்கப்படுவோருக்கு அவற்றின் காரணங்களை அளிக்க வேண்டும் எனப் பொது அமைப்புகளுக்குப் பணித்துள்ளது. ஊராட்சியும் ஒரு பொது அமைப்பே. எனவே ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட ஒவ்வொரு பணிக்கும், தீர்மானத்துடன் ஒரு பக்கக் குறிப்பை இணைப்பது போதுமானது. அதில் ஐந்து வினாக்களுக்கு விடை இருத்தல் வேண்டும்:

1. தீர்க்கப்பட வேண்டிய குறை யாது? அதனால் துன்புறுவோர் யாவர்?
2. வேறு எவ்வழிகள் ஆராயப்பட்டன? அவை ஏன் கைவிடப்பட்டன?
3. எந்தத் தகவலின் அடிப்படையில் முடிவு எடுக்கப்பட்டது?
4. மாறுபட்ட கருத்து கூறியவர் உண்டா? அவர் கூறியது யாது?
5. எவ்வளவு காலத்தில், என்ன பயன் எதிர்பார்க்கப்படுகிறது?

மேற்கூறிய குடிநீர் எடுத்துக்காட்டில் மூன்றாவது வினா கேட்கப்பட்டிருப்பின், கோடைக்கால நீர்வரத்து அளக்கப்படவில்லை என்பது அன்றே வெளிப்பட்டிருக்கும். நான்காவது வினா கேட்கப்பட்டிருப்பின், கடைக்கோடித் தெருவின் வார்டு உறுப்பினர் கூறிய எச்சரிக்கை ஏட்டில் நின்றிருக்கும். ஐந்தாவது வினாவின் விடையே மீளாய்வின் அளவுகோல். பணி முடிந்து ஓராண்டு சென்றபின், அக்குறிப்பை மீண்டும் மன்றத்தில் படித்து, எதிர்பார்த்ததும் கிடைத்ததும் எவ்வளவு வேறுபடுகின்றன எனக் காண வேண்டும். அம்மீளாய்வை, முடிவிற்கு வாக்களிக்காத உறுப்பினர் ஒருவர் முன்னின்று நடத்துவதும், அதன் சுருக்கத்தைக் கிராம சபையில் வைப்பதும் பொருத்தமாகும்.

இடையூறுகள்

இதற்கு எதிராக மூன்று ஆட்சேபணைகள் எழக்கூடும். முதலாவது வேலைப்பளு. பல ஊராட்சிகளில் ஒரு செயலரே எல்லாப் பதிவேடுகளையும் எழுத வேண்டியுள்ளது. ஆகவேதான் எல்லா முடிவுகளுக்குமன்றிப் பெரிய முடிவுகளுக்கு மட்டும் இம்முறை பரிந்துரைக்கத் தக்கது. கூட்டத்தின் ஒலி, ஒளிப் பதிவிலிருந்து நடவடிக்கைக் குறிப்பைத் தயாரிக்க உதவும் ‘சபாசார்’ என்ற கருவியை 2025இல் மத்திய ஊராட்சி அமைச்சகம் அறிமுகப்படுத்தியது. இத்தகைய கருவி எழுத்து வேலையைக் குறைக்கலாம். ஆனால் பேசப்படாத காரணத்தை அது எழுதித் தர இயலாது.

இரண்டாவது, உட்பகை. மீளாய்வு என்பது பழிவாங்கும் கருவியாக மாறிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. இதனைத் தவிர்க்க, முறைகேட்டு விசாரணையும் முடிவின் மீளாய்வும் வெவ்வேறானவை என்பதைத் தெளிவாக்குதல் இன்றியமையாதது. முறைகேட்டை ஆராயத் தணிக்கைத் துறையும், கேரளத்தில் உள்ளதுபோன்ற குறைகேள் நடுவமும் உள்ளன. நேர்மையாக எடுத்த முடிவு பிழையாகிப் போனால் அதற்குத் தண்டனை கூடாது. தண்டனைக்கு அஞ்சும் மன்றம் உண்மையான காரணத்தை எழுதாது.

மூன்றாவது, உறுப்பினர்களின் மௌனம். முதன்முறை தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களும் தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் கூட்டத்தில் கையொப்பமிடுவதோடு நின்றுவிடும் நிலை இன்னும் பல இடங்களில் காணப்படுகிறது. மதிப்பீட்டை எவ்வாறு படிப்பது, எந்தத் தகவலைக் கேட்பது, மாறுபட்ட கருத்தை எவ்வாறு பதிவு செய்யக் கோருவது என்பவை பயிற்சியில் முதலிடம் பெற வேண்டும். திட்டங்களின் பெயர்களை மனப்பாடம் செய்விப்பதைக் காட்டிலும் இது பயனுடையது. கூட்டத்திற்கு முன்பே பொருள்நிரலும் மதிப்பீடுகளும் உறுப்பினர்களின் கையில் கிடைக்கச் செய்வது இதன் முதற்படியாகும்.

முடிவுரை

உள்ளாட்சி மன்றங்கள் தவறு செய்யும் என்ற காரணத்தைக் காட்டியே அவற்றிற்கு அதிகாரம் மறுக்கப்பட்டு வந்துள்ளது. தவறு எல்லா அரசுகளிலும் நிகழ்வதே. தன் தவறைத் தானே கண்டு, ஏட்டில் பதிந்து, அடுத்த முறை திருத்திக்கொள்ளும் மன்றத்திற்கு முன் அவ்வாதம் வலுவிழக்கும். கூடுதல் நிதியையும் அதிகாரத்தையும் கோரும் ஊராட்சிகள், அடுத்த கூட்டத்தின் பெரும் முடிவு ஒன்றிற்கேனும் இத்தகைய காரணக் குறிப்பை எழுதித் தொடங்குமாயின், அக்கோரிக்கைக்கு அதனைவிடச் சிறந்த சான்று வேறில்லை.