சாத்திர தானமும் தோல் பதனிடும் ஊர்களும்

ஆகாரம், ஔடதம், அபயம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களைச் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இவற்றுள் சாத்திர தானம் என்பது ஏடு எழுதிக் கொடுப்பதும் நூல் அச்சிட்டு வழங்குவதும் மட்டுமன்று. அறியாதார்க்கு எழுத்தறிவித்தலும் அதனுள் அடங்கும். கல்லூரியில் பயிலும் நம் இல்லத்துப் பிள்ளைகள், விடுமுறையில் வேற்றூர்ப் பள்ளிக்குச் சென்று ஆங்கிலம் கற்பிக்க விரும்பினால் நாம் என்ன சொல்லி அனுப்புவது? அதுவே இப்பாடத்தின் பொருள்.

மாணவர் தொண்டின் வரலாறு

பிரிட்டனில் 1958-இல் தோன்றிய வி.எஸ்.ஓ. அமைப்பு, பள்ளிப் படிப்பை முடித்த பதினெட்டு வயது இளைஞர்களைத் தொண்டுக்காக அயல்நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. அமெரிக்காவின் அமைதிப் படை 1961-இல் பிறந்தது. அவ்வாண்டு முதல் 1976 வரை அதன் தொண்டர்கள் நம் நாட்டிலும் பணியாற்றினர். காந்தியடிகள் நூற்றாண்டான 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. அதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் தொண்டு செய்வதுடன், ஏழு நாள் சிறப்பு முகாமிலும் பங்கேற்க வேண்டும்.

இம்முயற்சிகள் யாவும் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றே: சில நாட்களில் திரும்பிவிடும் இளைஞர், அங்கேயே வாழும் குழந்தைக்கு எதை விட்டுச் செல்கிறார்?

எழும் ஐயம்

வேலூர், இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய இப்பகுதி தோல் தொழிலால் வாழ்வது. காலணித் தொழிற்சாலைகளில் பெண்களே மிகுதியாக வேலை செய்கின்றனர். ஆம்பூர்ப் பகுதியில் காலணியின் மேற்பாகத்தை வீட்டிலிருந்தே கையால் தைத்து, சோடிக் கணக்கில் கூலி பெறும் தாய்மாரும் உண்டு. அவர்களுடைய மக்கள் படிக்கும் பள்ளிக்கு நம் பிள்ளைகள் செல்லலாமா என்று சில பெரியோர்கள் ஐயுறக்கூடும். உயிர்களின் உடற்பகுதிகளை விற்றுப் பிழைக்கும் வாணிகத்தை இல்லறத்தார்க்கு விலக்கியது நம் நெறி. ஆகவே இந்த ஐயத்தை எளிதில் தள்ளிவிடுதல் கூடாது.

ஆயினும் விரதம் என்பது நாம் நம்மீது இட்டுக்கொள்ளும் கட்டு. பிறரை அளக்கும் கோல் அன்று. தத்துவார்த்த சூத்திரம் நான்கு பாவனைகளைக் கூறுகிறது. எல்லா உயிரிடத்தும் நட்பு, குணவான்களிடத்து உவகை, துன்புறுவோரிடத்து இரக்கம், ஒவ்வாதாரிடத்து நடுநிலை என்பன அவை. தோல் வாணிகத்தை நாம் ஏற்பதில்லை. ஊசி பிடித்துத் தைக்கும் தாயின் துன்பத்திற்கு இரங்காமல் இருப்பதும் நமக்கு ஏற்றதன்று. அவள் குழந்தையோ எத்தொழிலையும் தேர்ந்துகொள்ளவில்லை. தேர்வதற்கு வேறு வழிகள் அதன் முன் விரிய வேண்டுமானால், அதற்குக் கல்வியே துணை.

நம் முன்னோர் வாழ்ந்த மண்

இது நமக்கு வேற்றுநிலமும் அன்று. ஆம்பூர்ப் பகுதியில் மலையம்பட்டை அடுத்த ஆர்மாமலைக் குகையில் எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்த சமண ஓவியங்கள் உள்ளன. வள்ளிமலையிலும் ஆர்க்காட்டை அடுத்த திருப்பான்மலையிலும் நம் முனிவர்கள் தங்கினர். திருப்பான்மலை அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கியான பட்டினிக் குரத்தியடிகளை, முதலாம் பராந்தகனின் 38-ஆம் ஆட்சியாண்டு விளாப்பாக்கம் கல்வெட்டு, ஒரு கிணற்றோடு சேர்த்துக் குறிப்பிடுகிறது. கற்பித்த பெண்ணின் பெயரும் ஊரார்க்குரிய தண்ணீரும் ஒரே கல்லில் நிற்பதை நம் குழந்தைகளுக்குக் காட்டுதல் நலம்.

ஐடா ஸ்கடரின் வாழ்க்கை தரும் பாடம்

சமயத்தால் நம்மினும் வேறுபட்டவராயினும், இப்பொருளுக்கு மிகப் பொருந்திய வாழ்க்கை ஐடா ஸ்கடர் அம்மையாருடையது. 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்து அமெரிக்காவில் பயின்ற அவர், நோயுற்ற தாய்க்குத் துணையாக 1890-இல் திண்டிவனம் வந்தார். விரைவில் திரும்பிவிடவே எண்ணியிருந்தார். ஓரிரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் துன்புறும் தம் மனைவியரைக் காக்குமாறு வேண்டினர். ஆண் மருத்துவரை அனுமதிக்க அவர்கள் வழக்கம் இடந்தரவில்லை. இவரோ மருத்துவம் அறியார். மூன்று பெண்களும் இறந்தனர்.

அதன்பின் அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்குத் திரும்பினார். 1909-இல் செவிலியர் பயிற்சியையும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். தம்மிடம் இருந்ததைக் கொடுத்துவிட்டு அவர் மனநிறைவு கொள்ளவில்லை. அவ்வூருக்கு எது தேவையோ அதைத் தேடிச் சென்று கற்றுவந்தார். தாம் கற்றதை அவ்விடத்துப் பெண்களே செய்யும்படி பயிற்றியும் வைத்தார். தொண்டுக்குச் செல்லும் மாணவர் மனத்தில் கொள்ளவேண்டியவை இவை.

பவணந்தியார் காட்டும் ஆசிரியர்

ஆசிரியர் இலக்கணத்தை வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. நம் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நல்லாசிரியரை நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றோடு ஒப்பிட்டார். ஆசிரியர் ஆகாதாரைக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்றார். கழற்சிக்காய் நிறைத்த குடத்தைக் கவிழ்த்தால் இட்ட முறையில் காய்கள் வெளிவாரா. பத்து நாளில் எல்லாவற்றையும் சொல்லிவிடத் துடிக்கும் இளைஞருக்கு நேரக்கூடிய பிழை இதுவே. மாணாக்கருள் கிளியையும் அவர் குறிப்பிடுகிறார். கற்பித்ததையன்றி வேறு சொல்ல அறியாதது அது. ஆங்கிலப் பாடலை ஒப்பிக்கச் செய்து கைதட்டி மகிழ்ந்து திரும்பினால் நாம் கிளிகளையே உருவாக்கியவராவோம்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

இப்பகுதியில் தமிழ், உருது, தெலுங்கு என்று மூன்று வீட்டுமொழிகளைக் கேட்கலாம். இது இடையூறன்று, துணையே. தமிழெழுத்தில் பேரிக்காயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் கரடியைக் குறிக்கும் சொல்லும் 'பேர்' என ஒன்றாகவே நிற்கும். உருதுவிலும் தெலுங்கிலும் அவ்விரு ஒலிகட்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. ஆகவே அவ்வொலியை வேறுபடுத்தத் தமிழ்ப் பிள்ளைக்கு உருதுப் பிள்ளையே ஆசான் ஆகலாம். உருது வலமிருந்து இடமாக எழுதப்படுவது. அப்பிள்ளை ஆங்கில எழுத்தைத் தொடங்கும் திசையில் தடுமாறினால், அறிவின்மை என்று கொள்ளாமல் பொறுத்துத் திருத்த வேண்டும்.

சொற்றொடர் அமைப்பில் மூன்று மொழியினரும் ஒருநிலையினரே. 'நான் தண்ணீர் குடிக்கிறேன்' என்பதில் வினை இறுதியில் நிற்கிறது. மூன்று மொழிக்கும் இதுவே இயல்பு. 'ஐ டிரிங்க் வாட்டர்' என்பதில் வினை நடுவே வருகிறது. இந்த ஒரு வேறுபாட்டை நூறு சிறு தொடர்களால் பழக்கிவிட்டால் ஒரு முகாமின் பணி நிறைவேறியதாகவே கொள்ளலாம்.

சொற்களை அக்குழந்தையின் தெருவிலிருந்தே எடுக்க வேண்டும். மருந்து அட்டையில் உள்ள சொல்லை வாசிக்கக் கற்பிப்பதில் ஔடத தானத்தின் கூறு இருக்கிறது. இரசாயனப் பீப்பாயின்மேல் உள்ள 'டேஞ்சர்', 'பாய்சன்' என்னும் எச்சரிக்கைகளை வாசிக்கக் கற்பித்தல், ஒருநாள் ஓர் உயிரைக் காக்கும் அபய தானமாகவும் ஆகலாம்.

இன்னும் சில: வகுப்பாசிரியரைக் கேட்டே பாடத்தை வகுக்க வேண்டும். பெற்றோரின் தொழிலையோ உணவையோ குறைகூறுதல் ஆகாது. குழந்தைகளைப் படம் பிடித்துப் பெருமை தேடுதல் வேண்டா. நிறைவேற்ற இயலாத வாக்குறுதி தருதல் சத்திய விரதத்திற்கு இழுக்கு. புறப்படும்போது நடத்திய பாடங்களின் குறிப்பேட்டை ஆசிரியரிடம் ஒப்படைத்து, அடுத்த ஆண்டும் அதே பள்ளிக்குச் செல்ல வேண்டும். ஆண்டுக்கொரு புதிய ஊர் காண்பது சுற்றுலா ஆகுமேயன்றித் தொண்டு ஆகாது.

குடும்பத்துடன் சிந்திக்க

1. நாம் ஏற்காத தொழிலைச் செய்வோரிடம் நாம் நடந்துகொள்ளும் முறை, நான்கு பாவனைகளுள் எதனைச் சாரும்?

2. பவணந்தியார் கூறிய நான்கு குறைகளுள் நம்மிடம் உள்ளது எது?

3. நம் பிள்ளை சென்றுவந்த பள்ளியில், அவர் திரும்பிய மறுநாள் எது எஞ்சி நிற்கும்?

மூன்றாம் வினாவிற்கு விடை சொல்ல இயலாதவரை, புறப்பாட்டைச் சிறிது தள்ளிவைத்து ஆயத்தம் செய்தலே நன்று.