பீங்கான் படிப்பா? முதலில் சூளையைப் பாருங்கள்

விருத்தாசலத்தில் அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. பொம்மை, அகல்விளக்கு, மின்சார ஃபியூஸ் கட்டை செய்யும் பட்டறைகளும் இருக்கின்றன. டிப்ளமோவில் சேருமுன், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் அனுமதி கேட்டு அந்தப் பட்டறைகளில் சில நாள் நின்று பார்க்கட்டும். களிமண் கூழை பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால் அச்சு நீரை உறிஞ்சி, ஓரத்தில் மண் படிந்து தடிக்கும். ஈரம் போகுமுன் அவசரப்பட்டுச் சுட்டால் வெடிக்கும். இந்தப் பக்குவம் பாடப்புத்தகத்தால் மட்டும் வராது.

தொழில் பழகும் பயிற்சிக்காலத்தில் பணம் குறைவு, தொழிலும் ஊரோடு நின்றுவிடும் என்று பெற்றோர் தயங்குவது நியாயமே. ஆனால் 1961-ஆம் ஆண்டுத் தொழில்பழகுநர் சட்டப்படி உதவித்தொகை கட்டாயம். சூளை தெரிந்தவருக்கு டைல்ஸ், கழிவறைச் சாமான், மின்காப்பான், உலைச்செங்கல் என வெளியூரிலும் வேலை உண்டு. பயிற்சியில் சேருமுன், அந்தச் சட்டப்படி ஒப்பந்தம் பதிவாகிறதா என்று கேட்டுவிடுங்கள்.