கடன் கொப்பியைக் கணனிக்குப் படிப்பிப்போம்



அல்குர்ஆனில் மிக நீளமான வசனம் எது என்று கேட்டால், மத்ரஸாவில் ஓதும் பிள்ளை கூடச் சொல்லும். ஸூரதுல் பகராவின் 282ஆம் வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. ஆனால் நம் வியாபாரிகளில் எத்தனை பேருடைய கடன் கணக்கு இன்னமும் சிகரட் பெட்டி மட்டையிலும், கலண்டர் தாளின் பின்பக்கத்திலும், மீதி தலைக்குள்ளும் கிடக்கிறது?

கற்பிட்டியில் போட்டுக்காரருக்கு முற்பணம் கொடுக்காமல் மீன் வராது. கருவாடு கொழும்புக்குப் போய்க் காசு திரும்பி வரும் வரைக்கும் எல்லாமே கடன்தான். வெங்காயத் தோட்டக்காரருக்கு உரம் கடன், தேங்காய்க்காரருக்கு உரிகூலி கடன். ஒருவர் மவுத்தானால் ஜனாஸாத் தொழுகைக்கு முன் மகன் எழுந்து நின்று, "வாப்பாவோடு யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் எங்களைச் சந்தியுங்கள்" என்று அறிவிப்பார். வாப்பா கொடுக்க வேண்டியவர்கள் வந்து சேருவார்கள். வாப்பாவுக்குத் தர வேண்டியவர்கள் எத்தனை பேர் வருவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே இந்தக் கிழமை ஒரு பாடம். கடன் கொப்பியைக் கணனியில் எழுதும் சிறிய செய்நிரல் ஒன்றைப் பைதன் மொழியில் எப்படி அமைப்பது என்று பார்ப்போம். "எனக்கென்ன தெரியும்" என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். நானும் ஓ.எல். வரை படித்தவன்தான். உங்கள் வீட்டில் உயர்தரத்தில் ஐ.சி.டி. பாடம் படிக்கும் மகனோ மகளோ இருந்தால், அவர்களுக்குப் பாடசாலையில் படிப்பிப்பதும் பைதன்தான். அவர்களுக்கு மொழி தெரியும், வியாபாரம் தெரியாது. உங்களுக்கு வியாபாரம் தெரியும். இரண்டு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும்.

பைதனை உருவாக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரொசம். 1991இல் வெளியிட்டார். இலவசம். 2008இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். அதாவது நிலுவை, பற்று, வரவு என்று நாம் கொப்பியில் எழுதும் சொற்களையே செய்நிரலிலும் எழுதலாம். கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். கட்டளையும் தமிழில் வேண்டும் என்பவர்களுக்கு முத்து அண்ணாமலை என்பவர் செய்த எழில் என்ற மொழி இருக்கிறது. அதில் அச்சிடுவதற்கான கட்டளையே "பதிப்பி" என்பதுதான். சிறு பிள்ளைகள் பழகுவதற்கு நல்லது. ஆனால் கடைக் கணக்குக்குப் பைதனையே சொல்வேன், உதவி கேட்க ஆள் அதிகம்.

இது பொருள் சார்ந்த மொழி என்பார்கள். பயப்படத் தேவையில்லை. அச்சகத்தில் பில் புத்தகம் அடிக்கக் கொடுக்கிறீர்கள். அதில் பெயர், திகதி, தொகை என்று வெற்றுக் கோடுகள் இருக்கும். அந்த அச்சு வடிவத்துக்குப் பைதனில் கிளாஸ் என்று பெயர். நீங்கள் கிழித்து நிரப்பிக் கொடுக்கும் ஒவ்வொரு பில்லும் ஒரு ஒப்ஜெக்ட். வடிவம் ஒன்று, பில் ஆயிரம். ஒரு வித்தியாசம், கணனியில் இருக்கும் பில்லுக்கு வேலையும் தெரியும். "உன் நிலுவை எவ்வளவு?" என்று கேட்டால் அதுவே கூட்டிக் கழித்துச் சொல்லும். அப்படிச் செய்யத் தெரிந்த வேலைக்கு மெத்தட் என்று பெயர்.

எந்தப் பாடப் புத்தகத்தைத் திறந்தாலும் ஆரம்ப மாணவனுக்குக் கொடுக்கும் உதாரணம் வங்கிக் கணக்குதான். பணம் போடு, பணம் எடு, அடுத்த வரியில் வட்டி சேர். நாம் அந்த மூன்றாவது வரியை எடுத்துவிட்டு, வாடிக்கையாளர் என்ற வடிவத்தை வைப்போம். அவருக்கு ஒரு இலக்கம், பெயர், தொலைபேசி, கொடுக்கல் வாங்கல் பட்டியல். அவருக்குத் தெரிந்த வேலைகள் மூன்று: பற்று எழுதுவது, வரவு வைப்பது, நிலுவை சொல்வது.

பெயரை மட்டும் அடையாளமாக வைக்கக் கூடாது. நம் ஊரில் ரிஸ்வான் எத்தனை பேர்! போட்டு ரிஸ்வான், வாடி ரிஸ்வான், பள்ளிக்குப் பக்கத்து ரிஸ்வான். போதாததற்கு முஹம்மது என்ற ஒரு பெயரையே நாலு விதமாக எழுதுகிறோம். கணனிக்கு ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு ஆள்தான். எனவே ஒவ்வொருவருக்கும் நீங்களே ஒரு இலக்கம் கொடுங்கள். தொலைபேசி இலக்கத்தை எண்ணாகச் சேமிக்காமல் எழுத்தாகச் சேமியுங்கள். எண்ணாக மாற்றினால் முன்னால் உள்ள பூச்சியம் போய்விடும். கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால் அது எண் அல்ல.

இதே விடயம் எதிர்ப்பக்கத்தில் வேறு விதமாகக் கடிக்கும். இன்புட் என்ற கட்டளையால் நீங்கள் விசைப்பலகையில் தட்டுவதை வாங்கும்போது, பைதன் அதை எழுத்தாகத்தான் எடுக்கும். 5 கிலோவையும் 7 கிலோவையும் கூட்டு என்றால் 12 என்று வராது, 57 என்று ஒட்டித் தரும். 5ஐ மூன்றால் பெருக்கினால் 555. பிழை என்று கூச்சலும் போடாது. ஆகவே வாங்கியவுடன் எண்ணாக மாற்றுவதைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

இனிக் காசு. இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். பைதனிடம் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று விடை தரும். கணனி பழுதில்லை. நாம் பத்து பத்தாக எண்ணுகிறோம், அது இரண்டு இரண்டாக எண்ணுகிறது. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று முடிவில்லாமல் எழுதுவது போல, பத்தில் ஒன்றை அதனால் முழுதாக எழுத முடியாது. பைதனில் மட்டுமல்ல, ஜாவாவிலும் இதே கதைதான். ஒரு பில்லில் இது தெரியாது. ஆனால் நிலுவை பூச்சியமா என்று செய்நிரல் சரிபார்க்கும்போது, கடனை முழுதாகக் கட்டி முடித்தவர் இன்னமும் கடன்காரராகவே நிற்பார். ஒரு முஸ்லிமின் பெயரில் இல்லாத கடனை எழுதி வைப்பது சின்ன விடயமா?

தீர்வு எளிது. ரூபாவை விட்டுச் சதத்தில் எழுதுங்கள், கிலோவை விட்டுக் கிராமில் எழுதுங்கள். 12 கிலோ 350 கிராம் கருவாடு, கிலோ 1,850 ரூபா என்றால் 12,350 கிராம் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். 22,847 ரூபா 50 சதம், அதாவது 2,284,750 சதம். எல்லாம் முழு எண். அச்சிடும்போது மட்டும் நூறால் பிரித்து ரூபாவாகக் காட்டினால் போதும். இல்லையென்றால் பைதனோடு வரும் டெசிமல் என்ற வசதியைப் பயன்படுத்தலாம். ஆனால் அதற்குள் எண்ணை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகக் கொடுக்க வேண்டும், வெறுமனே கொடுத்தால் பழைய நோய் உள்ளே வந்துவிடும்.

ஐம்பது சதத்தை மேலே ஏற்றுவதா கீழே இறக்குவதா என்பதிலும் பைதனுக்கு ஒரு குணம் உண்டு. ரவுண்ட் என்ற கட்டளையிடம் 12.5ஐக் கொடுத்தால் 12 என்கிறது, 13.5ஐக் கொடுத்தால் 14 என்கிறது. சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்திலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளுவது அதன் வழக்கம். எப்போதும் மேலேயே ஏற்றினால் ஆயிரம் பில்லில் ஒரு பக்கமே இலாபம் சேரும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் வாடிக்கையாளரோடு நீங்கள் பேசிய முறை வேறு என்றால் பேசிய முறையைத்தான் எழுத வேண்டும்.

வடிவத்தை எழுதும்போது ஆரம்பக்காரர் விழும் பெரிய குழி ஒன்று இருக்கிறது. கொடுக்கல் வாங்கல் பட்டியலை கிளாஸின் நெற்றியில் பொதுவாக எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் கடை முழுவதற்கும் ஒரே பட்டியல்தான் இருக்கும். போட்டு ரிஸ்வானுக்கு இருபதாயிரம் பற்று எழுதினால், வாடி ரிஸ்வான் பெயரிலும் இருபதாயிரம் தெரியும். புதிய வாடிக்கையாளர் ஒருவர் உருவாகும் நேரத்தில் ஓடும் இனிட் என்ற தொடக்க வேலை இருக்கிறது. அதற்குள், "செல்ஃப்" என்ற சொல்லை முன்னால் போட்டுப் பட்டியலை எழுத வேண்டும். செல்ஃப் என்றால் "இவருடைய" என்று பொருள் கொள்ளுங்கள். இவருடைய பெயர், இவருடைய பட்டியல். மகன் எழுதித் தந்தால் முதலில் இரண்டு வாடிக்கையாளரை உருவாக்கி, ஒருவருக்கு மட்டும் பற்று வைத்து, மற்றவரின் நிலுவை பூச்சியமா என்று பாருங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும்.

நிலுவையை யாரும் கைவைத்து மாற்றக் கூடாது. அது பற்று, வரவு வழியாக மட்டுமே மாற வேண்டும். ஜாவா போன்ற மொழிகளில் இதற்குப் பூட்டுப் போடலாம். பைதனில் பெயருக்கு முன் ஒரு அடிக்கோடு போடுவார்கள், அவ்வளவுதான். "இதைத் தொடாதே" என்று அர்த்தம். தொட்டால் தடுக்காது. அமானிதம் போலத்தான். பிழையாக எழுதப்பட்ட பற்றையும் அழிக்க வேண்டாம். அதே தொகைக்கு எதிர்ப் பதிவு ஒன்று போட்டுக் காரணத்தை எழுதுங்கள். பழைய கணக்குப்பிள்ளைமார் கொப்பியில் சுரண்டி அழிக்க விடமாட்டார்கள் அல்லவா, அதே முறை.

வரி வீதத்தை எங்கே எழுதுவது என்பதும் முக்கியம். வற் வரி 2022 தொடக்கத்தில் 8 சதவீதம். அந்த ஆண்டு ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரி 1இல் 18. செய்நிரலில் இருபது இடத்தில் 8 என்று எழுதியிருந்தவர் இருபது இடத்தையும் மூன்று முறை தேடித் திருத்தியிருப்பார். ஒரே இடத்தில் எழுதினால் ஒரு திருத்தம்தான். ஆனால் அதுவும் போதாது. 2023இல் போட்ட 125,000 ரூபா பில்லுக்கு வரி 18,750. இன்று அந்தப் பில்லைத் திறந்தால் 22,500 என்று காட்டக் கூடாது. எனவே பில் உருவாகும் நேரத்தில் அன்றைய வீதத்தை அந்தப் பில்லுக்குள்ளேயே எழுதிவிட வேண்டும்.

திகதிகளைப் பைதன் அழகாகக் கையாளும். 2024 பெப்ரவரி 10இல் கொடுத்த சரக்குக்கு 45 நாள் தவணை என்றால் மார்ச் 26 என்று சொல்லும். 2025இல் அதே திகதிக்கு மார்ச் 27 என்று சொல்லும். 2024இல் பெப்ரவரிக்கு 29 நாள் என்பது அதற்குத் தெரியும். பிறையைத்தான் அதனிடம் விட முடியாது. நம் நாட்டில் பிறை கொழும்பு பெரிய பள்ளிவாசலில் தீர்மானிக்கப்படுகிறது. ஸகாத் ஆண்டை எண்ணும்போது செய்நிரல் உங்களிடம் திகதியைக் கேட்கும்படி அமையுங்கள். ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணினால் ஆண்டுக்குப் பதினொரு நாள் பிந்தும், 33 வருடத்தில் ஒரு முழு ஆண்டின் ஸகாத் விடுபட்டுப் போகும்.

ஸகாத்தும் ஒரு மெத்தட்தான். சரக்கு 18 இலட்சம், கையிருப்பு மூன்றரை இலட்சம், வரும் என்று நம்பும் கடன் 6 இலட்சம், நாம் கொடுக்க வேண்டியது ஏழரை இலட்சம் என்றால் மீதி 20 இலட்சம், அதன் இரண்டரை சதவீதம் 50,000 ரூபா. வராத கடனைச் சேர்ப்பதா, கொடுக்க வேண்டியதில் எவ்வளவு கழிப்பது என்பதை உலமாக்களிடம் கேட்டு எழுதுங்கள். அதைப் பைதனிடம் கேட்காதீர்கள்.

செய்நிரலை மூடினால் மனதில் வைத்ததெல்லாம் போய்விடும். நுரைச்சோலையில் நாட்டிலேயே பெரிய அனல்மின் நிலையத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 2022இல் நாமும் இருட்டில்தான் இருந்தோம். ஒவ்வொரு பதிவையும் எழுதிய உடனேயே கோப்பில் சேமிக்க வேண்டும், இரவு கடை மூடும்போது அல்ல. சி.எஸ்.வி. கோப்பு போதும், எக்செல்லிலும் திறக்கலாம். தமிழ்ப் பெயர்கள் பெட்டி பெட்டியாகத் தெரியாமல் இருக்க, யூ.டி.எஃப். எட்டு என்ற குறியீட்டைச் சொல்லிச் சேமிக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் பெயரைத் தட்டச்சு செய்யாதீர்கள். பார்வைக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. தேடினாலும் கிடைக்காது, அகர வரிசையும் ஒழுங்காக வராது.

கோப்பின் பிரதி ஒன்று கடைக்கு வெளியே இருக்கட்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு நம் ஊருக்கு வந்து சேர்ந்த சகோதரர்களில் எத்தனை பேர் வியாபாரிகள்! கடையும் சரக்கும் அங்கே, கடன் கொப்பியும் அங்கே. யார் தர வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது தலைக்குள் இருந்தது மட்டும்தான். ஒரு பென்டிரைவ் வீட்டில், ஒரு பிரதி மின்னஞ்சலில். கொப்பியையும் உடனே தூக்கி எறிய வேண்டாம். முதலில் ஐந்து வாடிக்கையாளரை மட்டும் கணனியில் ஏற்றி, மூன்று மாதம் இரண்டிலும் எழுதி, மாதக் கடைசியில் இரண்டு நிலுவையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சதம் வித்தியாசம் வந்தாலும் ஆறாவது ஆளை ஏற்றுவதற்கு முன் அதைக் கண்டுபிடியுங்கள்.

எண்ணிக்கையில் விற்கும் தேங்காயையும், நிறையில் விற்கும் கருவாட்டையும், மூடையில் விற்கும் உப்பையும் ஒரே பில்லில் போடுவது எப்படி என்பதை, இன்ஷா அல்லாஹ், அடுத்த கிழமை பார்ப்போம்.